முத்துச் சலாபமும் கடன் கணக்கும்



மன்னார்த் தீவிலிருந்து பாலத்தைக் கடந்து பெருநிலத்தை அடைந்து, தெற்கே கடற்கரையோரமாகச் செல்வோர் அரிப்பு என்னும் ஊரிலே பாழடைந்த பெரிய கட்டடம் ஒன்றைக் காண்பர். கடலரிப்பினால் அதன் ஒரு பக்கம் சரிந்து கிடக்கிறது. ஊரார் அதனை அல்லிராணிக் கோட்டை என்பர். வரலாறு கூறும் பெயர் வேறு. ஆங்கிலேயரின் முதலாவது தேசாதிபதியாக இலங்கைக்கு வந்த பிரெட்ரிக் நோர்த் என்பவர் 1801ஆம் ஆண்டுக்கும் 1804ஆம் ஆண்டுக்கும் இடையிலே தமக்கெனக் கட்டுவித்த மாளிகை அது. நாட்டின் தலைமகன் ஒருவர் இந்த வெயில் காயும் மணற்கரையிலே வந்து தங்க விரும்பியதற்குக் காரணம் ஒன்றே. அரிப்புக்கு எதிரே கடலடியில் முத்துச் சிப்பிப் பார்கள் இருந்தன. அப்பார்களிலிருந்து அரசாங்கத்துக்கு வருமானம் வந்தது.

முத்துக்குளிப்பைத் தமிழிற் சலாபம் என்றும் சொல்வதுண்டு. அரிப்பை அடுத்துள்ள சிலாபத்துறை என்னும் ஊரின் பெயர் அதனை இன்றும் நினைவூட்டிக்கொண்டிருக்கிறது. முத்தைப் பற்றியும் அதன் ஒளியைப் பற்றியும் பேசியவர் பலர். இன்று நான் பேச எடுத்துக்கொண்டது அந்த முத்தின் பின்னாலும், அதன் பின் நம் கரையோர மக்களின் அன்றாட வாழ்வின் பின்னாலும் நிழல்போலத் தொடர்ந்து வந்த கடனைப் பற்றியதாகும். கடன் பட்டவர் யார், கொடுத்தவர் யார் என்று மட்டும் கேட்டு நின்றுவிடாமல், கணக்கு யார் கையில் இருந்தது என்றும் கேட்போமாயின் இவ்வரலாறு நமக்கு ஒரு பாடத்தைத் தரும். பெருங்கடைகளிலே காசு கொடாமற் சிறிய அட்டையொன்றை நீட்டிப் பொருள் வாங்கிப் பின்பு தவணையிற் செலுத்தும் இக்காலத்துக்கும் அப்பாடம் வேண்டியதே.

முதலில் வெகு பழங்காலத்துக்குச் செல்வோம். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வழியாக வந்த வெனிசு நகரத்து யாத்திரிகர் மார்க்கோ போலோ, மன்னார்க் குடாவில் நடந்த முத்துக்குளிப்பை விவரித்துள்ளார். வணிகர்கள் கூட்டாகச் சேர்ந்து பெரிய கப்பல்களைக் கொண்டு வருவர்; குளிக்கும் ஆட்களைக் கூலிக்கு அமர்த்துவர்; கிடைத்ததிற் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு; சுறா முதலிய பெருமீன்களை மந்திரத்தினாற் கட்டுவோருக்கு இருபதில் ஒரு பங்கு; எஞ்சியது வணிகருக்கு. இக்கணக்கில் அரசன் பெறுவது தெரிகிறது, மந்திரவாதி பெறுவதும் தெரிகிறது. மூச்சை அடக்கி ஆழத்திற் செல்பவனின் பெயருக்கு எதிரே பங்கு என்று எதுவுமில்லை. அவனுக்குக் கூலியே உண்டு. முதல் உடையவன் ஒருவன், உயிரைப் பணயம் வைப்பவன் வேறொருவன் என்ற அமைப்பு அன்றே உருவாகிவிட்டது.

1560ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயர் மன்னாரிலே கோட்டை கட்டினர். 1658இல் அது ஒல்லாந்தர் கைக்கு மாறியது; 1795இல் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. ஆண்டவர் மாறினும் சலாபத்தின் மீதிருந்த கண் மாறவில்லை. குளிப்பவன் கடலடிக்கு விரைந்து செல்வதற்காகக் காலிற் கோத்துக்கொள்ளும் கல்லைக் கொண்டே ஒல்லாந்தர் வரியைக் கணித்தனர். இத்தனை கல்லுக்கு இத்தனை பணம் என்பது விதி. ஆங்கிலேயர் தொடக்க ஆண்டுகளிற் பார்களைக் குத்தகைக்கு விட்டனர். பிற்காலத்தில் அரசாங்கமே சிப்பியைப் பங்கிட்டு ஏலம் கூறியது.

இந்த ஏல முறையைச் சற்று விரிவாகக் காண்பது நன்று. பெப்ரவரி, மார்ச்சு மாதங்களிற் கடல் அமைதியாக இருக்கும். அப்போது மரிச்சுக்கட்டியிலே ஒரு நகரமே எழும். கிடுகும் தடியும் கொண்டு தெருக்கள் அமைப்பர். கடைகள், நீதிமன்றம், மருத்துவமனை, சிறைச்சாலை யாவும் சில வாரங்களுக்கென்றே தோன்றும். நள்ளிரவில் தரைக்காற்றோடு வள்ளங்கள் புறப்படும். பிற்பகலிற் கடற்காற்றோடு திரும்பும். 1905ஆம் ஆண்டுச் சலாபமே அளவிற் பெரியது. ஏறத்தாழ 5,000 குளியாட்கள் அதிற் பங்குகொண்டனர். ஏறத்தாழ 8 கோடிச் சிப்பிகள் கரையேறின. அரசாங்கம் பெற்றது 25 இலட்சம் ரூபாய். அடுத்த ஆண்டிலே நடந்த சலாபத்தில் இளம் உத்தியோகத்தராகக் கடமையாற்றியவர்களுள் ஒருவர், பிற்காலத்திற் புகழ்பெற்ற எழுத்தாளராக விளங்கிய லெனாட் வூல்ப் ஆவார்.

கரைக்கு வந்த சிப்பிகளை வேலியிட்ட பெருங்கொட்டகையினுள்ளே கொண்டுசென்று மூன்று குவியலாகப் பிரிப்பர். இரண்டு குவியல் அரசுக்கு, ஒன்று குளியாட்களுக்கு. தன் பங்கை அவர்கள் அன்று மாலையே வாயிலில் நின்ற வியாபாரிகளுக்கு விற்றுக் காசாக்கிக்கொள்ளலாம். மூன்றில் இரண்டு அரசுக்குப் போவது நீதியா என்று நாம் கேட்கலாம். ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். பங்கீடு கண்ணெதிரே நடந்தது. எழுத்தறியாத குளியாளும் மூன்று குவியலை எண்ணிப் பார்க்க முடிந்தது. அவன் கண்ணே அவனுக்குக் கணக்குப் புத்தகமாயிற்று.

அரசின் பங்கை வாங்கியோர் நிலை வேறு. அவர்கள் திறவாத சிப்பியை ஆயிரக் கணக்கில் ஏலத்தில் எடுத்தார்கள். உள்ளே முத்து உண்டா, இல்லையா என்பது எவருக்கும் தெரியாது. சிப்பியை நாட்கணக்கில் வெயிலில் அழுகவிட்டுக் கழுவிப் பார்க்கும்போதே உண்மை வெளிப்படும். இன்னும் கைக்கு வாராத முத்தை நம்பிக் கடன் வாங்கியவனுக்கோ வட்டி அன்றே தொடங்கிவிட்டிருக்கும்.

நிச்சயமற்ற வரவை நம்பி நிச்சயமான தவணையை ஏற்றுக்கொள்வது எத்தகைய ஆபத்து என்பதைத் தனிமனிதர் மாத்திரமன்றிப் பெருநிறுவனம் ஒன்றும் இக்கரையிலே கற்றுக்கொண்டது. 1905இன் வெற்றியைக் கண்டு, 1906ஆம் ஆண்டில் ஆங்கிலக் கம்பனி ஒன்று இலங்கை முத்துப் பார்களை 20 ஆண்டுகளுக்குக் குத்தகைக்கு எடுத்தது. குத்தகை ஆண்டொன்றுக்கு 310,000 ரூபாய். 1907ஆம் ஆண்டுக்குப் பின் பார்களிற் சிப்பி இல்லை. கடல் வெறுமையாயிற்று, குத்தகைத் தவணையோ ஆண்டுதோறும் வந்து நின்றது. சில ஆண்டுகளுள் அக்கம்பனி கலைக்கப்பட்டது. கம்பனி கலைந்ததும் அதன் கணக்கும் முடிந்தது. பங்குதாரரின் பிள்ளைகளை எவரும் கடனுக்காகப் பிடித்து நிறுத்தவில்லை. இதனை மனத்தில் வைத்துக்கொண்டு, அதே கடலில் மூழ்கிய குளியாட்களின் பக்கம் திரும்புவோம்.

சலாபக் காலத்தில் மரிச்சுக்கட்டிக்கு வந்த குளியாட்களிற் பலர் பாரசீக வளைகுடாக் கரைகளைச் சேர்ந்த அராபியர். தத்தம் ஊரில் அவர்கள் எத்தகைய வாழ்வு நடத்தினார்கள்? பருவம் தொடங்குமுன்னர் வள்ளத் தலைவன் குளியாளுக்கு முற்பணம் கொடுப்பான். குளியாள் கடலில் இருக்கும் மாதங்களில் வீட்டார் உண்பதற்கு அப்பணம். பருவம் முடிந்ததும் பங்கு கணித்து முற்பணத்தைக் கழிப்பர். கணக்கு எழுதுபவன் வள்ளத் தலைவன் அல்லது அவனுக்குக் கடன் கொடுத்த வணிகன். குளியாளுக்கு எழுத்துத் தெரியாது. கணக்கைக் காட்டுவாரும் இல்லை. அரிசிக்கும் துணிக்கும் என்ன விலை எழுதப்பட்டதென்று அவன் அறியான். ஒவ்வோர் ஆண்டும் முடிவிற் சிறிது கடன் மிஞ்சும். கடன் மிஞ்சியவன் வேறொரு தலைவனிடம் தொழிலுக்குப் போக இயலாது. அவன் இறந்தால் மகன் அக்கடனைச் சுமந்துகொண்டு கடலில் இறங்குவான்.

1920களிலே பகுரைன் நாட்டில் இதற்கு ஒரு சீர்திருத்தம் வந்தது. ஒவ்வொரு குளியாளிடமும் அவனுடைய சொந்தக் கணக்குப் புத்தகம் இருத்தல் வேண்டும். அவன் பெற்றதும் கொடுத்ததும் அதிலே எழுதப்படல் வேண்டும். தந்தையின் கடன் மகனைத் தொடரலாகாது. முற்பணத்துக்கு ஓர் எல்லை உண்டு என விதித்தனர். கேட்பதற்கு எத்துணை எளிய ஏற்பாடு! பேரேடு ஒன்று, அதன் பிரதி கடன்பட்டவன் கையில். இத்துணை எளிய காரியத்தை வணிகரும் வள்ளத் தலைவரும் பலமாக எதிர்த்தார்கள். எதிர்ப்பின் வலிமையே அப்புத்தகத்தின் வலிமையை நமக்கு உணர்த்துகிறது.

ஆனால் வரலாறு நேர்கோட்டிற் செல்வதில்லை. 1932ஆம் ஆண்டிலே குளியாட்களே கலகம் செய்தார்கள். முத்து விலை வீழ்ந்திருந்த காலம் அது. முற்பணத் தொகையும் குறைக்கப்பட்டிருந்தது. கடன் சுமை குறைகிறது என்று அதிகாரிகள் கருதினார்கள். அடுப்பு எரியாது என்று குளியாள் கருதினான். கடனைக் கட்டுப்படுத்தும் சட்டம் நல்லதே. எனினும் அதனோடு நியாயமான வேறொரு கடன் வழியையும் திறந்துவிடாவிடின் ஏழை அச்சட்டத்தைத் தன் பகையாகவே காண்பான்.

இனி நம் கரைக்குத் திரும்புவோம். முத்து மறைந்தபின் மீனே மன்னாருக்கு வாழ்வளித்தது. பேசாலை, தலைமன்னார், வங்காலை, தாழ்வுபாடு, சிலாபத்துறை ஆகிய ஊர்களிலே கடற்றொழில் செய்வோர் வீட்டிற் சம்மாட்டி, முதலாளி என்ற சொற்களை அறியாத குழந்தை இல்லை. வலை வாங்கவும், வள்ளம் திருத்தவும், இயந்திரம் பூட்டவும் முதலாளி முற்பணம் கொடுப்பார். பலர் வட்டி கேட்பதில்லை. பிடித்த மீனைத் தமக்கே தரவேண்டும் என்பதொன்றே நிபந்தனை. சோழகக் காற்று வீசிக் கடல் கொந்தளிக்கும் நாட்களில் அரிசிக்கும் மருந்துக்கும் உதவுபவரும் அவரே. ஆகையால் அவரைக் கொடியவர் என்று ஒரே சொல்லிற் கூறிவிடுதல் நியாயமாகாது. வங்கி மூடியிருக்கும் இரவிலே கதவைத் தட்டினால் திறப்பவர் அவரல்லவா?

எனினும் கணக்கைப் பார்க்கவேண்டும். ஓர் உதாரணம் சொல்கிறேன். தொழிலாளி ஒருவர் 3 இலட்சம் ரூபாய் முற்பணம் பெற்றிருக்கிறார் என்று கொள்வோம். வட்டி இல்லை. சந்தையிற் கிலோ 500 ரூபாய் விலைபோகும் மீனை அவர் முதலாளிக்கு 460 ரூபாய்க்குக் கொடுக்கிறார். கிலோவுக்கு 40 ரூபாய் குறைவு. பெரிய தொகையாகத் தோன்றாது. நாளொன்றுக்கு 30 கிலோ, மாதத்தில் 20 நாள் தொழில் என்றால் 600 கிலோ. குறைந்த தொகை 24,000 ரூபாய். 3 இலட்சத்துக்கு மாதம் 24,000 ரூபாய் என்றால் நூற்றுக்கு 8 வட்டி. அதுவும் முதலிற் சதமேனும் கழியாத வட்டி! வட்டியில்லாக் கடன் என்று நாம் நன்றியோடு பேசும் கடனின் உண்மை உருவம் சில வேளை இதுவாக இருக்கலாம். கொப்பியில் வட்டி எழுதப்படவில்லை. தராசிலும் விலையிலும் எழுதப்பட்டிருக்கிறது.

மறைந்து நிற்கும் வட்டியை வெளியே கொண்டுவருவதற்கு நம் நாட்டுச் சட்டம் முயலாமலில்லை. ஒல்லாந்தர் ஆட்சியிலே கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் அதிகாரி தொகுத்து, 1707இல் அங்கீகாரம் பெற்ற தேசவழமை நூலிலே ஒற்றி, ஈடு, வட்டிக்கடன் ஆகியவற்றுக்குத் தனிப் பகுதிகள் உண்டு. ஒல்லாந்தர் கொண்டுவந்த ரோமன் டச்சுச் சட்டத்திலே, நிலுவை வட்டி முதலை விஞ்சலாகாது என்ற பழைய விதி இருந்தது. பாரத நாட்டு அறநூல்களும் அதே எல்லையை வகுத்துள்ளன. எங்கோ இருந்த இரு நாகரிகங்கள் ஒரே வேலியைக் கட்டியமை வியப்புக்குரியது.

1918ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட பணங்கடன் கொடுத்தற் சட்டம் இன்னும் ஒருபடி முன்னே சென்றது. கடனுக்கு ஈடாக எழுதும் வாக்குறுதிச் சீட்டிலே, அதாவது நாம் புறோநோட்டு என்று வழங்கும் பத்திரத்திலே, மூன்று செய்திகளைத் தனித்தனியே தெளிவாகக் குறித்தல் வேண்டும் என அது பணித்தது. உண்மையிற் கையிலே கொடுத்த முதல் எவ்வளவு? முன்கூட்டியே கழித்துக்கொண்ட வட்டி எவ்வளவு? ஆண்டுக்கு நூற்றுவீதம் எவ்வளவு? 800 ரூபாயைக் கொடுத்துவிட்டு 1,000 என்று எழுதுவதும், தொகை எழுதாத வெற்றுச் சீட்டிற் கையொப்பம் வாங்குவதும் அக்காலத்து வழக்கங்கள். அவற்றைத் தடுப்பதே நோக்கம். பின்னர் 1941இலே கடன் இணக்கச் சபைக்கான சட்டம் வந்தது. ஈடுவைத்த காணியை இழக்கும் நிலையிலுள்ளவர் கடன்காரரோடு ஒரே மேசையில் அமர்ந்து தவணை பேச அது வழிசெய்தது.

சட்டம் வேலியாகலாம்; சோறாக மாட்டாது. சோற்றுக்கு வழிதேடியது கூட்டுறவு இயக்கம். 1911ஆம் ஆண்டுக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்தோடு இலங்கையில் அது சட்டவுருப் பெற்றது. 1929இல் யாழ்ப்பாணத்திலே கூட்டுறவு மாகாண வங்கி நிறுவப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க்காலத்திற் பங்கீட்டு உணவை வழங்கவேண்டியிருந்தபடியால் ஊர்தோறும் சங்கக்கடைகள் தோன்றின. 1957 முதல் அவை பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களாக வளர்ந்தன. இவற்றின் குறைகளை நாம் அறிவோம். எனினும் ஒரு பெருஞ்செயலை இவை செய்தன. எளியவனின் கையில் அவன் பெயர் எழுதிய கணக்குப் புத்தகத்தைக் கொடுத்தன. ஆண்டுக்கொருமுறை பொதுக்கூட்டத்தில் எழுந்து, ஐந்தொகையைப் பற்றிக் கேள்வி கேட்கும் உரிமையையும் கொடுத்தன.

இவ்விடத்தில் என் அநுபவம் ஒன்றைச் சொல்ல அநுமதியுங்கள். நான் இளம் ஆசிரியனாகக் கரையோரப் பாடசாலை ஒன்றிற் கணிதமும் வரலாறும் படிப்பித்த காலம். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி சில நாட்களாகப் பாடசாலைக்கு வரவில்லை. வீட்டுக்குச் சென்று விசாரித்தேன். ஊர்க் கடையிற் கடன் ஏறிவிட்டது. அதனை அடைக்கும்வரை பிள்ளை தாயோடு மீன் உலர்த்தும் வாடியில் வேலை செய்யட்டும் என்று தந்தை கூறினார். கடைக் கொப்பியை வாங்கிப் பிள்ளையிடம் கொடுத்துக் கூட்டச் சொன்னேன். தாய் ஒவ்வொரு முறை பணம் கட்டியபோதும் நாட்காட்டியிற் புள்ளியிட்டு வைத்திருந்தார். புள்ளிகள் ஒன்பது, கொப்பியில் வரவு ஏழு. இரண்டு தவணைகள் ஏறவில்லை. கடைக்காரர் தம் துண்டுத் தாள்களைப் புரட்டிப் பார்த்தார். அவர் நேர்மையானவர். எழுதி வைத்த துண்டு கொப்பிக்கு ஏறாமற் கிடந்ததைக் கண்டெடுத்து உடனே திருத்தினார். பிள்ளை மறுவாரம் வகுப்புக்கு வந்தாள்.

அன்று என்னைச் சிந்திக்கவைத்தது அத்தந்தையின் மௌனம். தொகை பிழையென்ற ஐயம் அவருக்கு இருந்தே வந்திருக்கிறது. கேட்டால் நம்பிக்கையில்லாதவன் என்று நினைப்பாரோ, நாளை அரிசி தரமாட்டாரோ என்று அஞ்சியிருக்கிறார். கடன் பட்டவனுக்குக் கணக்குக் கேட்க வெட்கம். அந்த வெட்கமே வட்டிமேல் வட்டியாக வளர்கிறது.

இனி இக்காலத்துக்கு வருவோம். அமெரிக்க நாட்டுப் பெருங்கடைகள் 1920களின் இறுதியிலே நம்பிக்கையான வாடிக்கையாளருக்குப் பெயர் பொறித்த சிறிய உலோகத் தகடுகளை வழங்கத் தொடங்கின. தகட்டைக் காட்டினாற் பொருள், பணம் பின்னர். 1950இல் உணவகங்களிற் பயன்படும் டைனர்ஸ் கிளப் அட்டை வந்தது. 1958இலே கலிபோர்னியாவின் பிரெஸ்னோ நகரிலே வங்கி ஒன்று பல்லாயிரம் வீடுகளுக்குக் கடன் அட்டைகளைத் தபாலில் அனுப்பியது. வட்டி வீதத்தை வெளிப்படையாகக் கூறவேண்டும் என்று அந்நாடு 1968இல் ஒரு சட்டம் செய்தது. நம் நாட்டுப் புறோநோட்டுக்கு அவ்விதி அதற்கு 50 ஆண்டுகள் முன்னரே வந்துவிட்டது என்பதை நேயர்கள் நினைவுகூரலாம். மிகக் குறைந்த தொகையை மட்டும் கட்டி வந்தாற் கடன் தீர எத்தனை காலம் செல்லும் என்பதைக் கணக்குத் தாளிலேயே அச்சிடவேண்டும் என்று 2009இல் அங்கு மற்றொரு சட்டம் வந்தது.

ஏன் அப்படி ஒரு சட்டம் வேண்டியதாயிற்று? என்னோடு பணியாற்றிய இளம் ஆசிரியர் ஒருவர், மாதாமாதம் தவறாமற் கட்டியும் அட்டைக் கடன் தீரவில்லையே என்று வருந்தினார். இருவரும் தாளும் பேனாவுமாக அமர்ந்தோம். எளிதாக விளங்கும்பொருட்டு வட்டி மாதம் நூற்றுக்கு 2 என்றும், கடன் 50,000 ரூபாய் என்றும் கொண்டோம். ஒவ்வொரு மாதமும் வட்டி சேர்ந்தபின் நிற்கும் தொகையில் நூற்றுக்கு 5 கட்டினாற் போதும் என்பது விதி. முதல் மாதம் 2,550 ரூபாய். கடன் சிறிது குறைவதால் அடுத்த மாதம் கட்டவேண்டியதும் சிறிது குறைகிறது, மனம் மகிழ்கிறது. ஓராண்டு முடிவிலே அவர் கட்டியது ஏறத்தாழ 25,900 ரூபாய். அதில் 10,000 ரூபாய்க்கு மேல் வட்டிக்கே போயிற்று. இன்னும் 34,000 ரூபாய்க்கு மேல் நிற்கிறது. அதே கடனுக்கு மாதம் 5,000 ரூபாய் என்று உறுதியாகக் கட்டினால் என்ன நிகழும்? 11 மாதம் 5,000. பன்னிரண்டாம் மாதம் 1,352 ரூபாய். கடன் தீர்ந்தது. வட்டி மொத்தம் 6,352 ரூபாய். இவ்விரு கணக்கிலும் அவர் புதிதாக எதையும் வாங்கவில்லை என்பதையும் நினைவில் வைக்கவேண்டும்.

குறைந்த தவணை என்பது கருணைபோலத் தோன்றுகிறது. வளைகுடாக் குளியாளின் கணக்கிலே ஆண்டுதோறும் சிறிது மிஞ்சிய கடன் நினைவுக்கு வருகிறதல்லவா? ஆனால் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. அவன் கையிற் புத்தகமில்லை. நம் கையில் மாதந்தோறும் கணக்குத் தாள் வருகிறது. அந்நாளில் எளியவர்கள் பெறப் போராடிய கணக்கு இன்று நம் வீட்டு வாயிலுக்கே வருகிறது. நாம் அதனைப் பிரியாமலே மேசைமேல் வைத்துவிடுகிறோம்.

அட்டையைப் பயன்படுத்துவோர் கைக்கொள்ளவேண்டியவை சிலவே. குறித்த திகதிக்கு முன் முழுத்தொகையையும் கட்டினாற் பொதுவாக வாங்கிய பொருளுக்கு வட்டியில்லை. ஒரு நாள் தவறினும் வட்டியும் தாமதக் கட்டணமும் சேரும். அட்டையைக் கொண்டு காசாக எடுத்தால் வட்டி அன்றே தொடங்கும். முழுவதும் கட்ட இயலாதபோது, குறைந்த தொகையை விட்டு, தம் வருவாய்க்கேற்ற நிலையான தொகையொன்றை வகுத்துக்கொண்டு, கடன் தீரும்வரை அட்டையைப் பெட்டியில் வைத்தல் நலம். கடைச் சீட்டுகளைச் சேர்த்துவைத்துக் கணக்குத் தாளோடு வரிக்கு வரி ஒப்பிடவேண்டும். அந்த மாணவியின் தாய் நாட்காட்டியிலிட்ட புள்ளியே இதற்கும் முன்மாதிரி.

அட்டை பெறும் வசதியற்ற வீடுகளைப் பற்றியும் ஒரு சொல். 2009இற் போர் முடிந்தபின் வட மாகாணத்துக் கிராமங்களுக்கு நுண்கடன் நிறுவனங்கள் வந்தன. போரில் யாவற்றையும் இழந்து, திரும்பவும் அடுப்பு மூட்டிய பெண்களே பெரும்பாலும் அக்கடனைப் பெற்றார்கள். வாரத் தவணை, ஒன்றைக் கட்ட மற்றொன்று, வாயிலில் வந்து நிற்கும் வசூலிப்பவர். 2016இல் நுண்நிதிச் சட்டம் வந்தது. 2018இலே வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்களுக்கு அரசு ஓரளவு கடன் நிவாரணம் அறிவித்தது. நிவாரணம் வேண்டிய அளவுக்கு நிலைமை முற்றும்வரை அவ்வீடுகளிற் கையொப்பமிட்ட பத்திரத்தை எவரேனும் உரக்க வாசித்துக் காட்டினார்களா என்பதே ஆசிரியனாகிய என் உள்ளத்தை உறுத்தும் கேள்வி. வட்டி வீதம் என்றால் என்ன என்பதை நாம் பாடசாலையிற் கற்பிக்கிறோம். பரீட்சையில் விடையெழுதுகின்ற பிள்ளை, வீட்டிலுள்ள கடன் பத்திரத்தை எடுத்துப் பார்க்குமாறு நாம் சொல்வதில்லை.

நேயர்களே, கடன் படுவது இழுக்கன்று. கடலை நம்பி வாழ்வோருக்கு வரவு ஒரு நாள், செலவு ஒவ்வொரு நாள். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள பள்ளத்தைக் கடக்க ஏதேனும் ஒரு பாலம் வேண்டியே இருக்கிறது. ஆனால் எவ்வளவு பெற்றோம், எவ்வளவு கட்டினோம், எவ்வளவு நிற்கிறது, எந்த வீதத்தில் வளர்கிறது என்ற நான்கையும் கடன் பட்டவரே அறிந்திருக்கவேண்டும். கேட்பதற்கு வெட்கம் வேண்டாம். கொடுத்தவருக்குக் கணக்கு வைக்க உரிமையுண்டெனில், பட்டவருக்கு அதனைப் பார்க்க உரிமையுண்டு.

அரிப்பிலே தேசாதிபதியின் மாளிகையைக் கடல் சிறிது சிறிதாக அரித்துக்கொண்டிருக்கிறது. ஒவ்வோர் அலையும் கொண்டுபோவது கைப்பிடி மண்தான். அந்தக் கரையிலே நின்று பார்க்கும்போதெல்லாம், மாதந்தோறும் கவனியாமல் விட்ட சிறு தொகையே என் நினைவுக்கு வரும். இன்றிரவு வீட்டிலுள்ள கொப்பியை, கணக்குத் தாளை, கடன் பத்திரத்தை ஒருமுறை எடுத்து விரியுங்கள். படிக்கத் தெரிந்த பிள்ளை இருந்தால் அருகே அழைத்துக் கூட்டச் சொல்லுங்கள்.